ஒரு செம்புத் தண்ணீர்

நாச்சியாரம்மாவுக்குப் பயம் என்பதே கிடையாது என்று மலையடிவாரத்தில் எல்லாரும் சொல்வார்கள். ஒற்றை யானை ஒன்று மடத்து வாசலில் வந்து நின்றபோது, "சாப்பிட்டாச்சா?" என்று அதைக் கேட்டாராம். யானை வெட்கப்பட்டுத் திரும்பிப் போய்விட்டதாம். அதைப் பார்த்தது யார் என்று விசாரித்தால் ஒருவரும் அகப்பட மாட்டார்கள். ஆனால் அரிசிக் குதிருக்குப் பின்னால் கிடந்த நல்ல பாம்பை அவர் முறத்தில் ஏந்திக்கொண்டுபோய்ப் புதரில் விட்டதைப் பத்துப் பேர் பார்த்தார்கள். அந்தப் பத்துப் பேரில் மரகதவல்லியும் ஒருத்தி.

மரகதவல்லிக்கு ஐம்பத்து மூன்று வயது. மடத்துப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். கணவர் போன பிறகு இங்கே வந்தவள். நாச்சியாரம்மாவைக் குருவாக ஏற்று ஒன்பது வருஷம் ஆகிறது. குருவைவிடப் பதின்மூன்று வயது மூத்தவள் என்றாலும் அவரை "அம்மா" என்றுதான் கூப்பிடுவாள். அவர் பதிலுக்கு அவளை "அக்கா" என்பார். கேட்கிறவர்களுக்குத்தான் குழப்பம். அவர்கள் இருவருக்கும் அது பழகிப்போயிருந்தது.

அன்று மத்தியானம் மரகதவல்லி துணிப்பையோடு வந்து நின்றாள்.

"நான் கிளம்புறேம்மா."

"எங்கக்கா?"

"தேனிக்கு. தங்கச்சி வீட்டுக்கு."

"எப்ப வருவீங்க?"

மரகதவல்லி பையின் வாரை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். நாலரை மணி பஸ்ஸை விட்டால் மறுநாள் காலையில்தான் அடுத்த பஸ் என்பது மட்டும் தெரியும்.

நாச்சியாரம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"அஞ்சாம் வகுப்புல என்ன நடந்துச்சு?"

"உங்களுக்கு யாரும்மா சொன்னா?"

"பிள்ளைங்க சொல்லாம இருப்பாங்களா?"

அன்று காலையில் நடந்தது இதுதான். பாடம், எரிதல். மரகதவல்லி கரும்பலகையில் ஒரு மெழுகுவத்தியை வரைந்தாள். அதன் தலையில் மஞ்சள் சாக்பீஸால் ஒரு சுடரும் வரைந்தாள். வரைந்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுதான் பாடம் நடத்தினாள். சாக்பீஸ் சுடரிடம் என்ன பயம் என்று கேட்கலாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "டீச்சர், புஸ்தகத்துல 'மெழுகுவத்தி செய்து பார்'னு போட்டிருக்கு. நிசமாவே செஞ்சு காட்டுங்க டீச்சர்" என்று ஒரு தீப்பெட்டியை நீட்டினாள். பெட்டிக்குள் குச்சிகள் குலுங்கின. அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் மரகதவல்லி புத்தகத்தைப் போட்டுவிட்டு வெளியே ஓடினாள். நாற்பது பிள்ளைகள் பார்க்க, செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். பூனைக்காவது சுட்டது அதன் சொந்த உடம்பு. மரகதவல்லியின் உடம்பில் ஒரு கொப்புளம்கூடக் கிடையாது. சுட்டது ராக்கம்மாவை.

அதைச் சொல்ல வேண்டுமானால் மடத்தின் வழக்கம் ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். மடத்தை நிறுவிய பெரியம்மா காலத்தில் ஒரு கோடையில் கூரை பற்றி எரிந்து, தொழுவத்தில் கட்டியிருந்த கன்று வெந்துபோனது. அன்றிலிருந்து பெரியம்மா ஒரு விதி வைத்தார். யார் தீ மூட்டினாலும், அது அடுப்போ அகலோ, முதலில் ஒரு செம்புத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் குச்சியை உரச வேண்டும். மடத்தில் சேரும் ஆறு வயதுப் பிள்ளைக்கும் முதல் நாள் பாடம் அதுதான். பெரியம்மா போய் இருபது வருஷம் ஆகிவிட்டது. விதி மட்டும் போகவில்லை. கையே செம்பைத் தேடும்.

போன வருஷம் அறிவியல் நாளுக்காக மரகதவல்லி பழைய மெழுகுவத்தித் துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு ஆய்வுக்கூடத்து அடுப்பில் உருக்கினாள். பக்கத்தில் ராக்கம்மா நின்று வேடிக்கை பார்த்தாள். ராக்கம்மா மடத்துச் சமையற்காரி. மரகதவல்லிக்கு மடத்தில் இருந்த ஒரே சிநேகிதியும் அவள்தான். பேச்சு சுவாரசியத்தில் டப்பாவை மறந்துபோனார்கள். மெழுகு பற்றிக்கொண்டது. மரகதவல்லி பதறவில்லை. பெரியம்மா சொன்னபடி செம்பை எடுத்து ஊற்றினாள்.

எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் பட்டால் தெறிக்கும். எரிகிற மெழுகில் பட்டால் வெடிக்கும். தீ உத்தரம் வரைக்கும் எழும்பிற்று. ராக்கம்மா முகத்தை மறைக்கத் தூக்கிய இடது கை, முழங்கையிலிருந்து விரல்வரை வெந்துபோனது.

ஒருவரும் மரகதவல்லியைக் குற்றம் சொல்லவில்லை. "நீங்க என்ன வேணும்னேவா செஞ்சீங்க, விதிப்படிதானே செஞ்சீங்க" என்றார்கள். ராக்கம்மாவும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து, "கை இருக்குல்ல, விடு" என்றாள். அந்த ஆறுதல்தான் மரகதவல்லியை அரித்தது. யாராவது கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால்கூட ஒரு வாரம் அழுது தேறியிருப்பாள். அதற்குப் பிறகு அவள் ஒரு குச்சியைக்கூட உரசவில்லை. விளக்கேற்றும் வேளையில் கிணற்றடிக்குப் போய்விடுவாள். ராக்கம்மாவின் கையைப் பார்க்க நேரும் என்று சமையற்கட்டுக்கும் போவதில்லை. ஆறிப்போன கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வாள்.

"அம்மா" என்றாள் மரகதவல்லி. "ஒரு வருஷமா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். வெக்கமா இருந்துச்சு. இன்னைக்குப் போகப்போறேன், கேட்டுடறேன். உங்களுக்கு எதுக்குமே பயம் இல்லை. பாம்பைத் தூக்கினப்ப உங்க கை ஆடலை. நான் பாத்தேன். பயமில்லாம இருக்கிறது எப்படிம்மா?"

நாச்சியாரம்மா உரித்த மொச்சையை ஓரமாக ஒதுக்கினார்.

"மெழுகுவத்தி செய்யிறது எப்படிக்கா?" என்றார்.

"என்னம்மா?"

"நீங்க போயிட்டா நாளைக்கு அஞ்சாம் வகுப்புக்கு நான்தானே போகணும். செஞ்சு காட்டுறேன்னு பிள்ளைங்ககிட்டச் சொல்லிட்டேன். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. சொல்லிக் குடுத்துட்டுக் கிளம்புங்க."

மரகதவல்லி அவர் முகத்தையே பார்த்தாள். இந்த அம்மா நாற்பது பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு மெழுகு காய்ச்சப் போகிறாரா? சேலை முந்தானையைச் செருகாமல், சொன்னதில் பாதியைக்கூடக் காதில் வாங்காமல், அவர் எப்படிச் செய்வார் என்பது கண்முன்னே தெரிந்தது. பையைக் கீழே வைத்தாள்.

"நான் அடுப்புகிட்ட வரமாட்டேன். வாயால சொல்றேன். நீங்க செய்யுங்க."

"அப்படியே ஆகட்டும்."

ஆய்வுக்கூடம் என்று பெயர்ப்பலகை இருந்தாலும் அது ஓர் அறை, ஒரு நீள மேசை, ஒற்றை பர்னர் கேஸ் அடுப்பு ஒன்று. உத்தரத்தில் போன வருஷத்துக் கரி இன்னும் ஒரு பாய் அகலத்துக்கு இருந்தது. மரகதவல்லி அதைப் பார்க்காமல் கதவோரமாக நின்றாள். வாசலுக்கு இரண்டு எட்டு. அளந்து வைத்துக்கொண்டாள்.

நாச்சியாரம்மா முதல் வேலையாக ஒரு செம்பில் தண்ணீர் பிடித்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அது வேண்டாம்மா!"

"இருக்கட்டும்க்கா. வழக்கம்."

"மெழுகு பத்திக்கிட்டா தண்ணி ஊத்தக் கூடாதும்மா. மூடணும். ஒரு தட்டைப் போட்டு மூடணும். காத்து போகலைன்னா அது தானா செத்துடும்."

"தெரியும்க்கா. போன வருஷமே சொன்னீங்களே."

"அப்ப அதைத் தூர வைங்க."

நாச்சியாரம்மா செம்பை மேசையின் மறுகோடிக்குத் தள்ளினார். மரகதவல்லிக்கு அதுவும் போதவில்லை. ஆனால் குருவிடம் எத்தனை தடவைதான் வேண்டாம் என்பது?

"சட்டியில பாதித் தண்ணி வைங்க. அதுக்குள்ள மெழுகு டப்பாவை இறக்குங்க. டப்பா நேரா அடுப்புல உக்காரக் கூடாது."

"இதென்னக்கா, தலையைச் சுத்தி மூக்கைத் தொடுற மாதிரி இருக்கு?"

"தண்ணி எவ்வளவு கொதிச்சாலும் நூறு டிகிரிக்கு மேல போகாதும்மா. அதுக்குள்ள இருந்தா மெழுகும் அதைத் தாண்டாது. உருகும், எரியாது. நேரா அடுப்புல வெச்சா சூடு ஏறிக்கிட்டே போகும். தண்ணின்னா கொதிச்சுச் சத்தம் போடும். மெழுகு கொதிக்காது. சும்மா கிடக்கும். புகை வரும். புகை வந்துட்டா அவ்வளவுதான்."

"சத்தமே போடாதா?"

"போடாதும்மா."

அன்றும் அது சத்தம் போடவில்லை. பேசிச் சிரித்துக்கொண்டிருந்த இரண்டு பேருக்குப் பக்கத்தில் சும்மாதான் கிடந்தது.

நாச்சியாரம்மா குச்சியை உரசினார். சர் என்ற சத்தத்துக்கு மரகதவல்லி கண்ணை மூடிக்கொண்டாள். கந்தக வாடை மூக்கில் ஏறியது. பிடரியில் வேர்த்தது. கண்ணைத் திறந்தபோது அடுப்பு நீலமாக எரிந்துகொண்டிருந்தது. அவள் கை கதவின் தாழ்ப்பாளைப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை.

"உருகுதுக்கா."

"துணி நூலை மூணு புரியா முறுக்குங்க. பருத்தியா இருக்கணும். அதை உருகின மெழுகுல முக்கி நீட்டிக் காய வைங்க. வெறும் நூல் நிக்காது, துவண்டு விழும்."

"ஆச்சு."

"அச்சுக்கு அந்த மேசையில இருக்கிற பப்பாளி இலைக் காம்பு. உள்ள குழாய் மாதிரி இருக்கும். அடியை மாவால அடைச்சுட்டு, திரியை ஒரு ஈர்க்குல கட்டி நடுவுல தொங்க விடுங்க. நடுவுலம்மா, ஓரத்துல இல்ல. இப்ப டப்பாவைத் துணியால பிடிச்சு மெள்ள ஊத்துங்க. கையில படாம."

நாச்சியாரம்மா ஊற்றினார். ஒன்றும் ஆகவில்லை. அடுப்பை அணைத்தபோதுதான் மரகதவல்லிக்கு மூச்சு வந்தது. ஒன்றும் ஆகவில்லை என்பதும் அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. அடுத்ததில் ஆகும் என்று தோன்றியது.

கால் மணி நேரம் காத்திருந்தார்கள். மெழுகு வெளுத்து இறுகியது. நாச்சியாரம்மா எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"நடுவுல குழி விழுந்துருச்சு. கெட்டுப்போச்சா?"

"கெடலை. ஆறும்போது மெழுகு சுருங்கும். நடுவுலதான் கடைசியா ஆறும், அதனால குழி விழும். இன்னும் கொஞ்சம் உருக்கி அதுல நிரப்பணும்." மரகதவல்லி அருகில் வந்து காம்பைப் பார்த்தாள். பக்கவாட்டில் மயிரிழை போல ஒரு கீறல். அதன் வழியாக மெழுகு கசிந்து மேசையில் உறைந்திருந்தது. "காம்பு வெடிச்சிருக்கும்மா. இன்னொண்ணு வேணும். நான் ஒடிச்சுட்டு வரேன். நீங்க சட்டித் தண்ணியைச் சுட வைங்க. அது ஆறிப்போயிருக்கும். திரும்பக் கொதிக்க கொஞ்ச நேரம் ஆகும்."

"நாலரை பஸ்ஸுக்குள்ள முடியுமா?"

"முடியும்மா. பதறாம செய்யுங்க."

"பதறாத காரியம் சிதறாது. போயிட்டு வாங்க" என்றார் நாச்சியாரம்மா.

பப்பாளி மரம் சமையற்கட்டுக்குப் பின்னால் நின்றது. அதன் அடியில் ராக்கம்மா வெயிலில் மிளகாய் வற்றல் பரப்பிக்கொண்டிருந்தாள். மரகதவல்லி திரும்பிவிடப் பார்த்தாள். அதற்குள் ராக்கம்மா நிமிர்ந்துவிட்டாள்.

"கிளம்புறியாமே?"

"ம்."

"எங்கிட்டச் சொல்லாம?"

மரகதவல்லி மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ராக்கம்மாவின் இடது கை மிளகாய்க்குள் அளைந்துகொண்டிருந்தது. தோல் சுருங்கி, பளபளவென்று, இரண்டு விரல்கள் ஒட்டினாற்போல. பார்க்காமலே அது அங்கே இருப்பது தெரிந்தது.

"சொல்ல என்ன இருக்கு ராக்கு?"

"ஒரு வருஷமா நீ எம்முகத்தைப் பாக்கல. எனக்குக் கைதான் வெந்துச்சு. மூஞ்சி நல்லாத்தானே இருக்கு?"

அது கேலிதான். ராக்கம்மா எதையும் கேலியாகத்தான் சொல்வாள். ஏதாவது சொல்ல வேண்டும், மன்னிப்பாவது கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தாள். வரவில்லை. எவ்வளவு நேரம் நின்றாளோ, பிறகு ஒரு காம்பை ஒடித்துக்கொண்டு, பால் கையில் ஒழுக, விறுவிறுவென்று திரும்பி நடந்தாள்.

அறைக்கு வெளியிலேயே வாடை வந்துவிட்டது.

ஒரு வருஷமாகக் கனவில் வந்த வாடை. கால் அங்கேயே நின்றுவிட்டது. ஓடு, ஓடு என்று உடம்பு முழுக்க அடித்துக்கொண்டது. வெளிவாசல் இடப்பக்கம். பஸ் நிற்கும் இடம் அதற்கு அந்தப் பக்கம். அவள் வாசற்படியில் ஏறினாள்.

தண்ணீர்ச் சட்டி கீழே இறக்கி வைக்கப்பட்டிருந்தது. மெழுகு டப்பா நேராக அடுப்பின்மேல் உட்கார்ந்திருந்தது. தீ முழுசாக எரிந்தது. டப்பாவின் வாயிலிருந்து வெள்ளைப் புகை தடியாக எழும்பிக்கொண்டிருந்தது. நாச்சியாரம்மா பக்கத்தில் நின்று திரியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா!"

அவர் திரும்புவதற்குள் பொக் என்று டப்பா பற்றிக்கொண்டது.

நாச்சியாரம்மா பதறவில்லை. முகம் மாறவில்லை. ஒரு எட்டு வைத்து, மேசையின் மறுகோடிக்குக் கையை நீட்டிச் செம்பை எடுத்தார். திரும்பினார். செம்பு டப்பாவுக்கு மேலே வந்தது.

மரகதவல்லி எப்படி அங்கே போனாள் என்று அவளுக்கே தெரியாது. ஓங்கிக் குருவின் மணிக்கட்டில் அடித்தாள். செம்பு பறந்துபோய்ச் சுவரில் மோதி உருண்டது. இரண்டு சொட்டு டப்பாவில் விழுந்தது. இரண்டே சொட்டு. சடசடவென்று வெடித்துத் தீ ஒரு முழம் எகிறியது. அவள் நாச்சியாரம்மாவைத் தோளால் இடித்துப் பின்னுக்குத் தள்ளினாள். அடுப்பைத் திருகி அணைத்தாள். மெழுகுத் துண்டுகள் கிடந்த எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துக் கொட்டி, டப்பாவின்மேல் போட்டாள்.

தட்டின் விளிம்பில் தீ ஒரு தடவை நாக்கை நீட்டியது. உள்ளே போயிற்று. அறையில் புகை மட்டும் இருந்தது.

நாச்சியாரம்மா தட்டைத் தூக்கிப் பார்க்கக் கையைக் கொண்டுபோனார்.

"தொடாதீங்க!" என்று கத்தினாள் மரகதவல்லி. "இன்னும் சூடா இருக்கு. காத்து பட்டா திரும்பப் பத்தும். ஆறணும். தள்ளிப் போங்க!"

ஒன்பது வருஷத்தில் அவள் குருவிடம் குரலை உயர்த்தியதில்லை. நாச்சியாரம்மா தள்ளிப் போனார்.

செம்பு விழுந்த சத்தம் கேட்டு ராக்கம்மா ஓடிவந்து வாசலில் நின்றாள். மூச்சு வாங்கியது. புகையைப் பார்த்தாள். சுவரோரம் கிடந்த செம்பைப் பார்த்தாள். பிறகு டப்பாவைப் பார்த்தாள்.

"மூடிட்டியா?"

"மூடிட்டேன்."

"யாருக்கும் ஒண்ணும் இல்லையே?"

"இல்ல ராக்கு."

சொல்லும்போது மரகதவல்லி அவள் முகத்தைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தபின் கையையும் பார்த்தாள். ராக்கம்மா அந்தக் கையால் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப சரி. வெயில் போறதுக்குள்ள மிளகாயை அள்ளணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மரகதவல்லி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தன் கையைப் பார்த்ததும் இன்னொரு பயம் வந்து கவ்வியது.

"அம்மா, உங்களை அடிச்சுட்டேனே."

"ஆமாக்கா. நல்லா விழுந்துச்சு."

நாச்சியாரம்மாவின் மணிக்கட்டு சிவந்து வீங்கிக்கொண்டிருந்தது. மரகதவல்லி எழுந்து அவர் காலில் விழப் போனாள். அவர் விடவில்லை. பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இருவரும் மூடிய டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வேணும்னே செஞ்சீங்களா? என்னைச் சோதிச்சுப் பாக்கவா?"

"இல்லக்கா."

"என் ஆறுதலுக்குச் சொல்லாதீங்கம்மா."

"உங்களுக்குப் பஸ் போயிடுமேன்னு பாத்தேன். தண்ணி கொதிக்கிற வழியாத் தெரியல. கொஞ்சம் மெழுகுதானே, சட்டுனு உருகிடும்னு தூக்கி அடுப்புல வெச்சேன். நீங்க சொன்ன மாதிரியே சத்தம் போடல."

"தண்ணி ஊத்தக் கூடாதுன்னு தெரியும்னீங்களே? ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி சொன்னீங்களே?"

"தெரியும்னு சொன்னேன்தான்." நாச்சியாரம்மா சுவரோரம் கிடந்த செம்பைப் பார்த்தார். "உங்களுக்கு அன்னைக்குத் தெரியாது. எனக்கு இன்னைக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் என்ன? இந்தக் கை நேரா அங்கதானே போச்சு?"

மரகதவல்லி அழுதாள். நாசூக்காக முந்தானையில் ஒற்றிக்கொள்ளும் அழுகை இல்லை. மூக்கு ஒழுக, வாய்விட்டு, ஒரு வருஷத்துக்கும் சேர்த்து அழுதாள். அதுவரை தன் கை மட்டும்தான் பாழாய்ப்போன கை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நாச்சியாரம்மா தேற்றவில்லை. முதுகைத் தடவவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

அழுது முடித்து, தட்டைத் தொட்டுப் பார்த்தாள். ஆறியிருந்தது. ஒரு ஓரத்தைத் தூக்கி, எட்டிப் பார்த்து, பிறகு முழுசாக எடுத்தாள். மெழுகு பழுப்பேறி அடியில் கிடந்தது. குழியை நிரப்ப அது போதும்.

"தீப்பெட்டியைக் குடுங்கம்மா."

முதல் குச்சி முறிந்தது. இரண்டாவது உரசியதும் கையிலிருந்து நழுவி ஈரத்தரையில் விழுந்து அணைந்தது. மூன்றாவது பற்றியது. அடுப்பை ஏற்றி, தண்ணீர்ச் சட்டியை வைத்து, டப்பாவை அதற்குள் இறக்கினாள். தட்டைத் துடைத்து அடுப்பின் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அத்தனை நேரமும் அவள் கண் டப்பாவை விட்டு அகலவில்லை. நெஞ்சு பட்டறைச் சம்மட்டி மாதிரி அடித்துக்கொண்டுதான் இருந்தது.

கீழே ரோட்டில் பஸ் ஹாரன் இரண்டு தடவை கேட்டது. மூன்றாவது தடவை கொஞ்சம் தூரத்தில் கேட்டது.

"நாளைக்கு அஞ்சாம் வகுப்புக்கு?" என்றார் நாச்சியாரம்மா.

"நானே போறேன். உங்களை விட்டா பிள்ளைங்க கதி என்னாகிறது?"

"அடுப்பங்கரையில எல்லாம் செம்பு மட்டும்தான் இருக்கு. மூடியும் வைக்கணும். எதுக்குத் தண்ணி, எதுக்கு மூடின்னு எல்லாருக்கும் சொல்லணும். பெரியம்மா வெச்ச விதியாச்சேன்னு சிலபேர் முணுமுணுப்பாங்க."

"நான் சொல்லிக்கிறேம்மா."

அவள் புதுக் காம்பின் அடியை மாவால் அடைத்தாள். முதல் வத்தியை வெடித்த காம்பிலிருந்து உரித்தெடுத்து, புதுக் காம்புக்குள் இறக்கினாள். உருகிய மெழுகைக் குழியில் ஊற்றினாள். கை நடுங்கியதில் கொஞ்சம் மேசையில் சிந்தியது. சிந்தியதைச் சுரண்டி எடுத்தாள். அடுப்பை அணைத்த பிறகும் அதன்மேல் ஒரு கண் வைத்திருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் போகலைம்மா" என்றாள். "இந்தப் பாருங்க, இன்னும் கை நடுங்குது. நாளைக்கு அந்தப் பிள்ளை தீப்பெட்டியை நீட்டினா இன்னைக்கு மாதிரியேதான் வயித்தைக் கலக்கும். நின்னு வாங்கிக்குவேன், அவ்வளவுதான். நீங்க என்னன்னா, தீ அவ்வளவு பக்கத்துல பத்துது, முகத்துல ஒரு சுருக்கம் இல்ல. மத்தியானம் கேட்டேன், நீங்க பதிலே சொல்லல. கொஞ்சங்கூடப் பயப்படாம எப்படிம்மா இருந்தீங்க?"

நாச்சியாரம்மா வீங்கிய மணிக்கட்டைத் தடவிக்கொண்டார்.

"பயப்படலக்கா. அதான் செம்பை எடுத்தேன்."